ஒரே தேதியிட்ட முப்பத்தொன்பது பேப்பர்

நான் படித்த செய்தியெல்லாம் பழைய செய்திதான். எட்டாம் வகுப்போடு ஊரை விட்டு ஓடி வந்தவனுக்குப் புதுப் பேப்பர் வாங்கிப் படிக்கும் பழக்கம் வரவில்லை. வீடு காலி செய்யும் வேலைக்கு வந்த பிறகுதான், பரண்களிலும் அலமாரித் தட்டுகளிலும் டிரங்குப் பெட்டிகளின் அடியிலும் விரித்துக் கிடந்த பேப்பர்களைப் படிக்க ஆரம்பித்தேன். என்றைக்கோ முடிந்த வேலைநிறுத்தம் எனக்கு அன்றைக்குத்தான் தொடங்கும். என்றைக்கோ கரையைக் கடந்த புயல் எனக்காக மறுபடியும் வங்கக் கடலில் மையம் கொள்ளும்.

அதற்கு முன்பு செங்கல் சூளையில் இருந்தேன். பிறகு லாரியில் கிளீனர். பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை. அங்கே காலில் சூடான கம்பி விழுந்து இரண்டு விரல் போனது. ஆறியதும் வேலையைக் கேட்டுப் போனேன், வேறு ஆள் நின்றுகொண்டிருந்தான். தொழிற்பேட்டை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மூன்று சக்கர மோட்டார் வண்டி வைத்திருந்த ஒருவர் "சும்மாத்தான குந்திக்கினு கீற, ஒரு பீரோ எறக்கணும், கை குடு" என்று கூப்பிட்டார். அந்த பீரோவை இறக்கியதிலிருந்து அவருடனேயே இருந்துவிட்டேன். ஓர் இடத்தில் மூன்று மாதம் தங்காதவன், அந்த வண்டியில் நாலு வருஷம் ஓடினேன். வண்டியே ஓடிக்கொண்டிருந்தது காரணமாக இருக்கலாம்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த அந்த வருஷங்களில் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. தொழிற்பேட்டைக்கு வடக்கத்தி ஆட்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். பழைய ஓட்டு வீடுகளை இடித்து அவர்களுக்கு வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். பிள்ளைகள் காக்களூரிலோ ஆவடியிலோ வீடு கட்டிக்கொண்டு போக, பெரியவர்களும் பின்னால் போனார்கள். போகிறவர்கள் கட்டிலையும் டிவியையும் கொண்டு போவார்கள். மிச்சம் எங்களுக்கு. வால்வு ரேடியோ, அடி ஓட்டையான அண்டா, கைப்பிடி உடைந்த ஆட்டுக்கல் குழவி, மாப்பிள்ளை அழைப்பில் எடுத்த படங்கள் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போன ஆல்பம். கம்பியில் குத்தி வைத்த தபால்கள்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு குடும்பத்தின் முப்பது வருஷ நலமும் நலமறிய ஆவலும் ஒரு சாண் கம்பியில் தொங்கும்.

வண்டிக்காரருக்குச் சில வழக்கங்கள் உண்டு. வெள்ளிக்கிழமை யார் வீட்டையும் காலி செய்ய மாட்டார். விளக்கையும் முறத்தையும் எடைக்கு எடுக்க மாட்டார். பரணிலிருந்து இறக்கிய எதையும் வீட்டுப் பெண்களிடம் ஒருமுறை காட்டாமல் வண்டியில் ஏற்ற மாட்டார். "ஆம்பளைங்க ஒளிச்சி வெக்கிற எடம்டா பரணு. பொம்பளைங்க பாத்துட்டு வேணாம்னாத்தான் அது கழிவு" என்பார்.

ஊத்துக்கோட்டையில் அந்த வீட்டுக்குப் போனது ஒரு மாசி மாதக் காலை. வீட்டின் முன்பாதி ஒருகாலத்தில் மளிகைக் கடையாக இருந்திருக்கிறது. கடைக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி மட்டும் இருந்தார். எழுபதை நெருங்கும் வயது, கம்பி மாதிரி நேரான உடம்பு. காக்களூரில் கல்யாணம் ஆகிப் போன மகள் அம்மாவை அழைத்துப் போக வந்திருந்தார். வீட்டை வாங்கியவர்கள் வாசலிலேயே செங்கல் இறக்கியிருந்தார்கள்.

கடைக்காரர் எதையும் வீணாக்காதவர் என்பது உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. மூட்டை கட்டி வந்த சணல்கள் பந்து பந்தாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. எண்ணெய் டின்கள் வாய் வெட்டப்பட்டு, ஓரம் மடக்கப்பட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக நின்றன. பொட்டலம் மடிக்க வாங்கிய பேப்பர்கூட நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழிக்கப்பட்டு அளவு வாரியாகக் கட்டப்பட்டிருந்தது. கால் கிலோவுக்கு ஒன்று, நூறு கிராமுக்கு ஒன்று, ஏலக்காய்க்கு ஒன்று.

நான் பரணில் ஏறினேன். மூலையில் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. பிரித்தால் முழுப் பேப்பர்கள். கிழிக்காதவை, மடிப்புக் கலையாதவை. பழக்கதோஷத்தில் மேலே இருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குக் குடியிருப்பு, நிலக்கடலை விலை, ஏதோ ஒரு பாலத் திறப்பு. அடுத்ததை எடுத்தேன். அதிலும் அதே பாலம். அதற்கு அடுத்ததிலும் அதே பாலம்.

"டேய் கலெக்டரு" என்று கீழிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "படிச்சி பாஸ் பண்ணது போதும். எறக்குடா."

"ண்ணா, இன்னாண்ணா இது, எல்லாம் ஒரே நாள் பேப்பரா கீது!" என்று நான் சத்தமாகச் சொன்னேன். யோசித்திருந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பேன்.

கீழே முறத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்தார்.

"எந்த நாளு?"

மேலே அச்சிட்டிருந்த தேதியையும் மாதத்தையும் வருஷத்தையும் படித்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நாலாம் பக்கம் பாரு. கீழ, வலப்பக்கம். எனக்குப் படிக்கத் தெரியாது. எடம் தெரியும்."

பார்த்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு பையனின் படம். எண்ணெய் வைத்து வாரிய தலை, சட்டையின் மேல் பொத்தானும் போட்டிருந்தான். கீழே நாலு வரி. நான் கட்டோடு இறங்கி அவர் எதிரில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"அன்பு மகனே, நீ போனது முதல் உன் தாய் படுத்த படுக்கையாக இருக்கிறாள். உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். இதைக் கண்டதும் வீடு வந்து சேரவும். இப்படிக்கு உன் தந்தை."

அதன் கீழ் அந்த வீட்டு முகவரி இருந்தது.

மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "அந்தப் பேச்ச எதுக்கு இப்ப எடுத்தீங்க? அம்மா, நீ எழுந்து வா. சும்மா பேஜாரு பண்ணிக்காத."

"இருடி" என்றார் அம்மா. "இது எத்தினி கீது, எண்ணு நைனா."

எண்ணினேன். முப்பத்தொன்பது. சணல் முடிச்சுக்கு அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பத்திரிகை ஆபீஸிலிருந்து பஸ்ஸில் வரும் கட்டின்மேல் ஒட்டுகிற சீட்டு அது. லாரியில் போன காலத்தில் அந்த மாதிரிக் கட்டுகளை நானே ஏற்றி இறக்கியிருக்கிறேன். நீலப் பென்சிலில் 'ஊத்துக்கோட்டை – 40' என்று எழுதியிருந்தது.

"இது கடையில வாங்குன பேப்பர் இல்லம்மா" என்றேன். "மெட்ராஸ்ல இருந்து அன்னிக்கு இந்த ஊருக்கு வந்த மொத்தக் கட்டு. யாரோ அப்படியே வாங்கிக்கினு வந்துட்டாங்க."

வண்டிக்காரர் பின்னாலிருந்து என் முதுகில் ஒரு விரலால் குத்தினார். வாயை மூடு என்று அர்த்தம். அதற்குள் சொல்லி முடித்திருந்தேன்.

அந்த அம்மா கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு பேசியதெல்லாம் என்னைப் பார்த்துத்தான். மகளுக்குப் பாதி தெரிந்த கதை, எனக்குத் தெரியாதது என்பதால் இருக்கலாம்.

மகனுக்கு அப்போது பதினாறு வயது. நிறுவையில் தவறிவிட்டான் என்று கடையில் வாடிக்கைக்காரர்கள் முன்னால் அப்பா ஓர் அறை விட்டார். மறுநாள் காலை பையன் இல்லை. அப்பா ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. மெட்ராஸில் மச்சான் வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்று சொல்லிவிட்டார். அம்மா சாப்பிடாமல் படுத்தார். பேப்பரில் போட்டால்தான் எழுந்திருப்பேன் என்றார். அப்பா மெட்ராஸ் போய் விளம்பரம் கொடுத்துவிட்டு வந்தார். வெளிவந்த அன்று ஒரு பேப்பரைக் கொண்டுவந்து விரித்துப் படித்துக் காட்டினார். அம்மா எழுந்து கஞ்சி குடித்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு லாரிக்காரர் மூலம் தகவல் வந்தது. ஆந்திரா எல்லையைத் தாண்டி நாலு மைலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பையன் இலை எடுக்கிறான். இருவரும் ஓடினார்கள். நாலு நாள் முன்னால்தான் ஏதோ ஒரு லாரியில் ஏறி நெல்லூர்ப் பக்கம் போய்விட்டான் என்றார் கடை முதலாளி.

"நான் அந்த ஆள கேட்டேன்" என்றார் அம்மா. "பேப்பர்ல போட்டமே, அவன் பாக்கலியான்னு. பாக்காம இன்னாம்மா, தெனம் காலீல எங்களுக்கெல்லாம் பேப்பர் படிச்சிக் காட்டுறதே அவன்தான்னாரு. ஊத்துக்கோட்டைல இருந்து ஏஜெண்டு ஆளு சைக்கிள்ல கொணாந்து போட்டுட்டுப் போவான், ஒன்னு விடாம படிப்பான்னாரு."

அவர் கட்டின்மேல் கையை வைத்தார்.

"அன்னிக்கு முடிவு பண்ணேன். அம்மா சாகக் கெடக்குறான்னு படிச்சிட்டும் வராதவன் புள்ள இல்லன்னு. அவன் போட்டோவ எடுத்து அடுப்புல போட்டேன். அவன் பேர இந்த ஊட்ல எடுக்கக் கூடாதுன்னேன். இவ கல்யாணத்துல சொந்தக்காரங்க அவன கேட்டாங்க, செத்துட்டான்னேன். வாயால சொன்னேன் நைனா."

"அப்ப அந்தப் பேப்பர் அங்க போவவே இல்ல" என்றார் மகள் மெதுவாக. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"எங்க போவும்? இங்கதான கீது."

முற்றத்துக்கு வெளியே செங்கல் லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. யாரும் எழுந்து போகவில்லை.

"அன்னிக்கு சைக்கிள்ல ஒரு மூட்ட கட்டிக்கினு வந்தாரு" என்று அம்மா தொடர்ந்தார். "இன்னான்னு கேட்டேன். பொட்டலத்துக்குப் பேப்பரு, சல்லிசா கெடச்சுதுன்னாரு. எதுத்த ஊட்டு வாத்தியாரு இன்னும் பேப்பர் வரல, பஸ்காரன் தூங்கிட்டானான்னு தெருவுல நின்னு கத்திக்கினு இருந்தாரு. எனக்கு ஒன்னும் தோணல பாரு. ஊரு பாத்துடக் கூடாதுன்னு வாங்கியிருக்காரு. பையன் தொலைவா எங்கியோ கீறான், அங்கெல்லாம் பேப்பர் போவும், இந்த ஊருக்கு மட்டும் வேணான்னு நெனச்சிருப்பாரு. அவன் நாலு மைலுல இருப்பான்னு அவருக்கு இன்னா தெரியும்?"

அடுத்ததைச் சொல்லும்போதுதான் குரல் மாறியது.

"ஆனா அந்தச் சாப்பாட்டுக் கடையில எம் பக்கத்துலதான் நின்னாரு. அந்த ஆள் சொல்லச் சொல்ல எல்லாம் கேட்டுக்கினு நின்னாரு. வாயத் தொறக்கலியே."

மகள் அழ ஆரம்பித்தார். அம்மா அழவில்லை. "ஏண்டி அழுவுற? அவன் பாக்கலடி. எம் புள்ள பாக்கல" என்று மகளின் முழங்காலைத் தட்டினார். கோபமும் சந்தோஷமும் ஒரே முகத்தில் வந்து இடம் கிடைக்காமல் நெருக்கிக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன். புருஷனை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உடனே அந்த அம்மாவே, "ஒரு தீக்குச்சி கிழிச்சா முடிஞ்சிருக்கும். முடியல பாரு அந்த மனுஷனால. பொட்டலமும் மடிக்கல. புள்ள மூஞ்சில மொளகா கட்டித் தர மனசு வரல" என்றார்.

அப்புறம் என்னைக் கேட்டார். "நீயும் ஓடி வந்தவன்தான? உன் கால பாத்தா தெரியுது."

"ஆமாம்மா. எட்டாவதுல."

"உன்ன தேடுனாங்களா?"

"தெரியாதும்மா. எங்களுது பேப்பர்ல போடற ஊடு இல்ல."

"போட்டிருந்தா பாத்திருப்பியா?"

சூளையில் இருந்த இரண்டு வருஷம் நான் ஒரு பேப்பரையும் கண்ணால் பார்க்கவில்லை என்பதைச் சொன்னேன். அவர் அதைத் தன் மகனைப் பற்றிச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மா, இத நீங்களே வெச்சிக்குங்க. நாங்க மத்தத ஏத்துறோம்."

"எனக்கு எதுக்கு முப்பத்தொம்பது? ஒன்னு போதும். மீதிய நீங்க எடுத்துக்கினு போங்க. பேப்பர் மில்லுல அரைக்கப் போடாதீங்க. கட கடையா குடுங்க. கடல மடிக்கிறவன், போண்டா விக்கிறவன், இன்னா விக்கிறவனோ. எங்கியெங்கியோ இருந்து வந்து தங்குற எடம்ன்றாங்களே உங்க கும்மிடிப்பூண்டி, அங்க குடுங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அன்றைக்கு ஊருக்குள் போகாத பேப்பரை இன்றைக்குப் போகச் சொல்கிறார்.

மகளுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது. "அம்மா, இன்னா பேசுற? அண்ணனுக்கு இப்ப அம்பது வயசு. தலை நரச்சி, தொப்ப போட்டு, எப்பிடியோ இருப்பான். பதினாறு வயசுப் போட்டோவ வெச்சிக்கினு எவன் கண்டுபுடிப்பான்?"

"எவனும் கண்டுபுடிக்க வேணாம். அவன் கண்டுபுடிப்பான்ல. அவன் மூஞ்சி அவனுக்குத் தெரியாதா?"

மகள் வேறொன்றைச் சொன்னார். "அதுல இந்த ஊட்டு அட்ரஸ் கீது. இது அடுத்த வாரம் தரமட்டம்."

அம்மா இதை நினைக்கவில்லை. கதவில்லாத நிலைகளையும், காலியான கடைத் தட்டுகளையும் ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. மகளின் வீடு மாமியார் மாமனார் இருக்கிற வீடு. அவர்களுக்கெல்லாம் அந்தப் பையன் செத்துப்போனவன்.

மகள் கைப்பையைத் திறந்து இரண்டு பால்பாயிண்ட் பேனா எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார். "உங்க கையெழுத்து புரியுமா?"

"பெருசா எழுதுனா புரியும்க்கா."

"அப்ப பெருசாவே எழுதுங்க. அட்ரஸ் மட்டும் போதாது, என் செல் நம்பரையும் போடுங்க. மாமியார நான் பாத்துக்கிறேன்."

உட்கார்ந்து எழுதினோம். நாலாம் பக்கத்தின் ஓரத்தில், படத்துக்குப் பக்கத்தில். மகளும் எழுதினார், நானும் எழுதினேன். அவர் மூன்று முடிக்கும்போது நான் ஒன்று முடிப்பேன். வண்டிக்காரர் எழுத மாட்டார். எழுதியதை வாங்கி மையின்மேல் ஊதிக் காய வைத்து அடுக்கினார். பாதியில் அம்மா, "அன்னிக்கு வேற இன்னா போட்டிருக்கான்? அவன் இருந்தா எல்லாத்தயும்தான படிச்சிருப்பான்" என்றார். அதனால் நான் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படித்தேன். பாலத் திறப்பு, பர்மா அகதிகள், நிலக்கடலை, எங்கோ ஒரு கிணற்றில் விழுந்த மாடு. கிணற்று மாட்டை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "மாட்ட தூக்கிட்டாங்களா?" என்றார். தூக்கிவிட்டார்கள் என்று போட்டிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் அவற்றைக் கொடுத்து முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரே கடையில் கொட்டாமல் இரண்டு, மூன்றாகக் கொடுத்தேன். ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை வறுப்பவர், தொழிற்பேட்டை வளைவில் போண்டா போடும் அம்மா, பைபாஸில் லாரிகள் நிற்கிற சாப்பாட்டுக் கடைகள். "நாலாம் பக்கத்தக் குறுக்கக் கிழிக்காத" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கடலைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாபா, வாங்குறவன் கடல துன்றதா, பேப்பர் துன்றதா?" என்றார். ஆனால் கிழிக்கவில்லை. அந்தப் படம் தெரிகிற மாதிரி கூம்பு மடித்ததை நின்று பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் காக்களூர் தொழிற்பேட்டைக்கு ஒரு லோடு போனது. வண்டிக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு அந்த வீட்டைத் தேடிப் போனேன். மகள் கதவைத் திறந்ததும் சிரித்தார். "வாங்க கலெக்டரு. நல்லா மாட்டி வுட்டீங்க. போன் வந்துக்கினே கீது."

ஏழெட்டுப் பேர் பேசியிருக்கிறார்கள். ஒருவன் குடித்துவிட்டு நான்தான் உன் அண்ணன் என்றிருக்கிறான். அம்மா போனை வாங்கி, "உங்கப்பா உன்ன எதுக்குடா அடிச்சாரு, சொல்லு பாப்போம்" என்றதும் வைத்துவிட்டானாம். மாமியார் முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்து, பிறகு அவரும் மணி அடித்தால் காது கொடுத்து நிற்க ஆரம்பித்திருக்கிறார். பைபாஸ் கடையில் சாப்பிட்ட ஒரு லாரி டிரைவர், எங்கோ ஒரிசாப் பக்கம் ஓட்டுகிறவர், வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, பையன் வந்துவிட்டானா என்று விசாரிக்கிறாராம்.

நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே ஒரு போன் வந்தது. மகள் எடுத்துக் கேட்டுவிட்டு, "அந்த டிரைவருதான்" என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"இல்லப்பா, இன்னும் வரல" என்றார். அந்தப் பக்கம் டிரைவர், வராத பிள்ளையை விட்டுத்தள்ளுங்கள் என்கிற மாதிரி ஏதோ ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். அம்மா அதை இடைமறித்தார். வாத்தியாரிடம் பிள்ளை பள்ளிக்கு வராத காரணத்தைச் சொல்கிற தாயின் குரல் அது.

"அப்டிலாம் சொல்லாதப்பா. அவன் வராதவன் இல்ல. அவனுக்கு அன்னிக்குப் பேப்பர் கெடைக்கல. அவ்ளோதான்."